எதில் ஒப்பு?

இரண்டே எழுத்து. 'போல' - அவ்வளவுதான். வாயைத் திறந்தால் வந்துவிடும். வந்த வேகத்தில் வாதத்தையும் முடித்துவைத்துவிடும். தாய்போலக் காத்து வருகிறோம் என்பான் பண்ணை ஆண்டை. பெற்ற பிள்ளைபோல வளர்க்கிறோம் என்பாள், பத்து வயதுச் சிறுமியை வேலைக்கு வைத்திருக்கும் சீமாட்டி. குடும்பம்போல நடத்துகிறோம் என்பார் ஆலை முதலாளி. கேட்பவன் தலையாட்டுகிறான். தாய்போல என்றால், எதில் தாய்போல? ஊட்டுவதிலா, அடிப்பதிலா? பிள்ளைபோல என்றால், பள்ளிக்கு அனுப்புவதிலா, பாத்திரம் துலக்க விடியுமுன் எழுப்புவதிலா? குடும்பம்போல என்றால், இலாபம் கொழித்த ஆண்டிலுமா, நட்டம் வந்த ஆண்டில் மட்டுமா? 'எதில்?' என்னும் அந்த மூன்றெழுத்துக் கேள்வி எழுந்த மாத்திரத்தில் இரண்டெழுத்தின் மந்திரம் கலைகிறது. எழாதிருக்கும் வரையில் அது ஆட்சி செலுத்துகிறது.

தோழர்களே! சொல்லை ஆராய்வது புலவர் வேலை, போராடும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தச் சொல் நிகண்டுக்குள் உறங்கவில்லை. கூலிச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. நிலத்துக்கு விலை கட்டும் அதிகாரியின் மேசைமீது உட்கார்ந்திருக்கிறது. நெய்வேலிக் கொதிகலன் அருகில் நிற்பவனுடைய சோற்றையும், கம்மாபுரம் வட்டாரத்துக் கழனிக்காரனுடைய மண்ணையும் அளப்பது இந்தச் சொல்தான். அளவுகோலை ஆராயாமல் அளவு குறைகிறது என்று அழுவதில் பயனில்லை.

ஒப்புமையைச் சொல்லுவதில் தமிழ் இரவலன் அன்று, செல்வன். தொல்காப்பியத்து உவமவியலில் மட்டும் 36 உவம உருபுகள் எண்ணப்பட்டிருக்கின்றன. இன்றைய பேச்சு அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைகழுவிவிட்டு, 'போல', 'மாதிரி', 'ஆட்டம்' என்று இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டது. அதில் குறையொன்றுமில்லை. வியப்பு எங்கே இருக்கிறது என்றால், 'ஒப்பு' என்னும் சொல் ஈன்ற குடும்பத்தில் இருக்கிறது. கருத்து ஒத்துவந்தால் ஒப்புதல். ஒத்ததற்கு அடையாளமாகக் கைவைத்தால் ஒப்பம். ஒத்ததை எழுதிக்கொண்டால் ஒப்பந்தம். ஒருவரை வேறொருவர்போலத் தோன்றச் செய்தால் ஒப்பனை. ஊரையும் தன்னையும் ஒன்றாக எண்ணி வாழ்ந்தால் ஒப்புரவு. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே தந்தார். இறந்தவரை எதெதற்கோ ஒப்புச் சொல்லி அழுதால் ஒப்பாரி. மனமில்லாமல் பெயருக்குச் செய்தால், 'ஒப்புக்கு'! ஒரே வயிற்றில் பிறந்த சொற்கள்; ஒன்று அறத்தின் உச்சியில் நிற்கிறது, மற்றொன்று நாடகக் கொட்டகையில் நிற்கிறது, இன்னொன்று ஏமாற்றுக்குக் காவல் நிற்கிறது.

'போல்' என்னும் வேருக்கும் இதே கதைதான். அதிலிருந்து வந்தது 'போலி'. இலக்கணத்தில் போலி என்றால் இழிவில்லை. அறம் என்பதை அறன் எனலாம், நிலம் என்பதை நிலன் எனலாம், பொருள் மாறாது, அது கடைப்போலி என்று நன்னூல் வழிவந்தவர் கற்பிக்கிறார்கள். கடைத்தெருவில் அதே போலி, கலப்பட மருந்துக்கும் கள்ள நோட்டுக்கும் பெயர். ஓரெழுத்து மாறியும் பொருள் மாறாதது இலக்கணத்துப் போலி. ஓரெழுத்தும் மாறாமல் பொருள் மாறிவிடுவது சந்தைப் போலி. 'ஒப்பாரி'யையே பாருங்கள். இன்று நாம் அழுகைக்கு வைத்திருக்கும் அந்தச் சொல்லை, வள்ளுவர் கயமையைப் பேசும் இடத்தில் வெறும் ஒப்பு என்னும் பொருளில் ஆளுகிறார்: கயவர் உருவத்தால் அச்சாக மனிதரைப்போலவே இருக்கிறார்களே, இப்படிப்பட்ட ஒப்பை வேறு எந்த இரு பொருளிலும் கண்டதில்லையே என்று எள்ளுகிறார். பண்புடைமையைப் பேசும் இடத்தில் இன்னும் வெளிப்படை. உறுப்புகள் ஒத்திருப்பது மக்களொப்பு ஆகாது, பண்பு ஒத்திருப்பதே ஒப்பு என்பது அங்கே அவர் தீர்ப்பு. எதில் ஒப்பு என்ற கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்கக் கற்றுக்கொடுத்தவர் தொல்காப்பியர். உவமை தோன்றும் வகை நான்கு என்றார்: வினை, பயன், மெய், உரு. புலிபோலப் பாய்ந்தான் என்றால் ஒப்பு வினையில். மழைபோல வழங்கினான் என்றால் பயனில். துடிபோன்ற இடை என்றால் மெய்யில், அதாவது வடிவில். பவளம்போன்ற வாய் என்றால் உருவில், அதாவது நிறத்தில். புலிபோலப் பாய்ந்தவனைப் பார்த்து, 'வால் எங்கே?' என்று எவனும் கேட்பதில்லை. ஒப்பு பாய்ச்சலோடு நின்றது என்பது பாடியவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். இந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புலி என்று ஒப்புக்கொண்டாயே, இனிமேல் காட்டில்தான் இருக்கவேண்டும் என்று ஒருவன் வாதாடினால் எப்படி இருக்கும்? சிரிப்பீர்கள். ஆனால், இந்த நாட்டில் அப்படி ஒரு வாதம் பல நூற்றாண்டு சட்டமாகவே இருந்தது.

தலை, தோள், தொடை, கால் - சமுதாயம் ஓர் உடல்போல என்றார்கள். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலத்துப் புருட சூக்தத்தில் இருக்கிறது அந்த உருவகம். தலையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன். மனு நூலில் அதுவே தொழில் விதியாயிற்று, தண்டனை விதியாயிற்று. உடலில் உறுப்புகள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன, சமுதாயத்திலும் மக்கள் ஒருவருக்கொருவர் உதவவேண்டும் என்ற அளவில் ஒப்பு பயனைப் பற்றியது. அதை மறுக்க எவருக்கும் காரணமில்லை. அந்த வாயில் வழியாக உள்ளே நுழைந்தபின், சந்தடியில்லாமல் 'மெய்' வந்து உட்கார்ந்துகொண்டது: தலை மேலேதான் இருக்கும், கால் கீழேதான் இருக்கும்! காலுக்குப் பிறந்த பிள்ளை தலையாகிப் பட்டம் பெற்றுப் பாடம் நடத்துவதை எந்த உடலில் கண்டோம்? மனிதக் கூட்டத்தில் நாள்தோறும் காண்கிறோமே. ஒப்பு உடைந்த இடம் அது. உடைந்தது ஒப்பு என்று சொல்லாமல், படித்தவனைக் குற்றவாளி என்றனர்.

இது நம் நாட்டு வித்தை மட்டுமன்று. கி.மு. 494-இல் உரோம் நகரத்து ஏழை மக்கள், கடன் கொடுமை தாளாமல், நகரத்தைவிட்டு வெளியேறிக் குன்றொன்றில் போய் அமர்ந்தனர் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அவர்களைச் சமாதானம் செய்ய மெனீனியஸ் அக்ரிப்பா என்பவர் அனுப்பப்பட்டார். அவர் சொன்ன கதை: கைகளும் வாயும் பற்களும் வயிற்றின்மீது பொறாமைப்பட்டு வேலையை நிறுத்தினவாம், முடிவில் உடல் முழுதும் மெலிந்ததாம், மேட்டுக்குடியினர் வயிறுபோல, நீங்கள் கைகள்போல! நல்ல கதை. ஆனால், கைகளுக்கு வந்த இரத்தம் எவ்வளவு என்பதை அக்ரிப்பா சொன்னதாகத் தெரியவில்லை. அந்த மக்கள் கதையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடவில்லை என்பதையும் லிவியே எழுதியிருக்கிறார். தங்களைக் காக்கத் தங்களுக்கென்றே அதிகாரிகளை நியமிக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டுதான் திரும்பினர்.

பகுத்தறிவு மன்றங்களில் அடிக்கடி எழும் மற்றொரு 'போல'வையும் இங்கேயே தொட்டுவிட்டுப் போகலாம். கடிகாரத்தைச் செய்தவன் ஒருவன் இருப்பதுபோல உலகத்தைச் செய்தவனும் இருக்கவேண்டும் என்று பாலி என்ற பாதிரியார் 1802-இல் எழுதினார். அதற்கு விடை 1779-லேயே அச்சேறிவிட்டது! வீட்டைக் கண்டால் கொத்தனாரை நினைக்கிறோம், ஏனெனில் வீடுகளைக் கொத்தனார் கட்டப் பலமுறை பார்த்திருக்கிறோம். உலகங்கள் செய்யப்படுவதை எத்தனை முறை பார்த்தோம்? ஒப்புமை தளரத் தளர முடிவும் தளரும் என்பது டேவிட் ஹ்யூமின் வாதம். ஒப்பு என்பது ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றன்று, கூடும் குறையும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம். அது நமக்கு நெய்வேலியில் பயன்படும்.

நெய்வேலியின் பெருமை முழுவதுமே ஒரு 'போல'வில் தொடங்கியதுதான். 1930-களில் சம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்புப் பொருள் வெளிப்பட்டது. கரிபோல இருந்தது. கரி என்றே மக்கள் அழைத்தனர். அறிவியலார் அத்தோடு விட்டுவிடவில்லை. எரிவதில் கரிபோல, சரி. ஈரத்தில்? எடையில் ஏறத்தாழப் பாதி நீர்! வெப்பத்தில்? நல்ல கருநிலக்கரியைவிட வெகுவாகக் குறைவு. ஆகவே அது பழுப்பு நிலக்கரி. அதற்கென்றே வடிவமைத்த கொதிகலன் வேண்டும். கரிபோலத்தானே என்று வேறு கரிக்குக் கட்டிய கொதிகலனில் கொட்டினால் அது சொன்னபடி கேட்காது. 1956 நவம்பரில் நிறுவனம் பிறந்தது, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961-இல் கரி கண்ணில் பட்டது, 1962-இல் சோவியத் உதவியோடு எழுந்த அனல்நிலையத்திலிருந்து மின்சாரம் புறப்பட்டது. எதில் ஒப்பு, எதில் வேறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விடை கண்டதன் பயன் அந்த ஒளி.

கரிக்குக் காட்டிய அந்தக் கண்டிப்பை மனிதனுக்கும் காட்டுங்கள் என்பதுதான் நம் வழக்கு.

அனல்நிலையத்துக்குள் இருவர் நுழைகிறார்கள். ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. சிந்திய கரியைக் கன்வேயர் பட்டையின் அடியிலிருந்து அள்ளுவதோ, குழாயைப் பழுதுபார்ப்பதோ, சாம்பலை அகற்றுவதோ - எதுவாகவும் இருக்கட்டும், ஒரே வேலை. ஒரே அனல், ஒரே தூசு, ஒரே சங்கொலி. மாதக் கடைசியில் கைக்கு வருவது மட்டும் ஒன்றன்று. இந்த இடைவெளியை முன்வைத்து நெய்வேலியில் பலமுறை வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. 2023 சூலையிலும் நடந்தது. சொல்லின் விளையாட்டைப் பாருங்கள்! 'ஒப்பு' என்னும் வேரிலிருந்து பிறந்த பெயரால் அழைக்கப்படுகிறவன், ஒப்பு மறுக்கப்பட்டு நிற்கிறான். ஒப்பந்தம் அவனோடு செய்யப்பட்டதுமன்று. அவனைக் கொண்டுவரும் ஒப்பந்தக்காரரோடு செய்யப்பட்டது. அவன் கையொப்பம் அதில் இல்லை.

சட்டம் இதைக் காணாமலில்லை. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1971-இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், ஒப்பந்தக்காரரின் ஆள், முதன்மை நிறுவனத்தின் நேரடித் தொழிலாளி செய்யும் 'அதே அல்லது ஒத்த' வகை வேலையைச் செய்தால், கூலியும் விடுமுறையும் வேலைநேரமும் இருவருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றன. வேலை ஒத்ததா என்பதில் தகராறு வந்தால் மத்தியத் தொழிலாளர் ஆணையத்து அதிகாரி தீர்ப்பளிப்பார் என்றும் சொல்லின. 'அதே' என்பதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்துக்கொள்ள ஆயிரம் வழி. அதனால்தான் 'ஒத்த' என்றும் சேர்த்தார்கள். கருணையுள்ள சேர்க்கை. ஆனால், கதவைத் திறந்துவைத்தவர்கள் சாவியை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால், ஒப்பை நிறுவும் சுமை கேட்பவன் தலையில்!

2016 அக்டோபர் 26 அன்று உச்சநீதிமன்றம் பஞ்சாப் அரசின் தற்காலிகப் பணியாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற நெறி தற்காலிகப் பணியாளருக்கும் உண்டு, ஒருவனுடைய தேவையைப் பயன்படுத்திக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது சுரண்டல் என்று அத்தீர்ப்பு கூறியது. நாம் கைதட்டிய தீர்ப்பு. அதே தீர்ப்பில், தன் வேலையும் நிரந்தரப் பணியாளர் வேலையும் ஒத்தவை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமை கோருபவனுடையது என்ற நெறியும் இடம்பெற்றிருக்கிறது. கைதட்டும்போது அந்த வரியைப் பலர் படிக்கவில்லை. வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறது? வேலைப் பங்கீட்டுக் குறிப்பு யாரிடம்? எந்த ஆலையிலும் அவை தொழிலாளியின் வீட்டுப் பரணில் இருப்பதில்லை. நிரந்தரத் தொழிலாளர் ஓய்வுபெற்றுப் போகப் போக, ஒரு பிரிவு முழுவதும் ஒப்பந்த ஆள்களாகவே ஆகிவிட்டால், ஒப்பிட்டுக் காட்டவும் ஆளில்லை! உவமேயம் நிற்கிறது, உவமானத்தைக் காணோம். இது எந்த அணியிலக்கணத்திலும் இல்லாத புது அணி.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைப்பது நமக்கு அழகன்று. நிரந்தரத் தொழிலாளி தேர்வெழுதி வந்திருக்கலாம். தவறு நேர்ந்தால் விசாரணை அவன்மீது வரலாம். இரவில் அழைத்தால் பொறுப்பேற்க வேண்டியவன் அவனாக இருக்கலாம். இவை உண்மையான வேறுபாடுகளானால் ஊதியத்திலும் வேறுபாடு இருக்கட்டும். எதில் வேறு, எவ்வளவு வேறு என்று காட்டவேண்டும், அவ்வளவுதான். இதற்கும் ஓர் அளவுகோல் சட்டத்திலேயே உருவாகியிருக்கிறது. பெண்கள் போராடிப் பெற்றுத் தந்தது அது. 1976-இன் சம ஊதியச் சட்டம், ஆணும் பெண்ணும் செய்யும் 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்பதற்குப் பொருள் வரைந்தது: வேண்டப்படும் திறன், முயற்சி, பொறுப்பு மூன்றும் ஒன்றாயிருந்து, மிஞ்சும் வேறுபாடு நடைமுறையில் முக்கியத்துவமற்றதாக இருந்தால் அது ஒத்த வேலை. ஆட்ரி டி'கோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளர் வழக்கில், 1987-இல், உச்சநீதிமன்றம் இதைப் பரந்த நோக்கோடு படித்தது. சின்னஞ்சிறு வேறுபாடுகளைத் தேடிப் பிடித்து ஒப்பை உடைக்கக்கூடாது என்றது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பட்டியலில் பட்டறிவும் சேர்ந்திருந்தது. திறன், முயற்சி, பட்டறிவு, பொறுப்பு - வினை, பயன், மெய், உரு! தொல்காப்பியர் பாட்டுக்கு வகுத்தார், இவர்கள் கூலிக்கு வகுத்தார்கள். இரண்டும் ஒன்றென்று சொல்லி நானே போலி ஒப்பு செய்ய விரும்பவில்லை. ஆனால், 'எதில்?' என்று கேட்பது இரண்டிலும் உண்டு. ஆண், பெண் ஒப்புக்கு எழுதப்பட்ட இந்தத் தெளிவு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பிரிவினைக்கும் ஏன் ஆகாது என்பதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

2020 மே 7 அன்றும் சூலை 1 அன்றும் நெய்வேலி இரண்டாம் அனல்நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. சூலை விபத்தில் அன்றே ஆறுபேர் மாண்டனர்; பின்னர் மருத்துவமனையில் மேலும் சிலர். நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒன்றாகவே சிக்கினர். நெருப்பு எவருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்க்கவில்லை. வேலை ஒத்ததா என்று அறிய அதைவிட வேறு சான்று தேடுவோர் தேடட்டும்.

இனி மண்ணுக்கு வருவோம். கம்மாபுரம் ஒன்றியத்திலும் அதையொட்டிய ஊர்களிலும் - கரிவெட்டி, கத்தாழை, வளையமாதேவி என்று பெயர்கள் செய்தித்தாளில் அடிக்கடி வந்தவை - நிலம் சுரங்கத்துக்கு எடுக்கப்படுவது நேற்றுத் தொடங்கியதன்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறுப்பவர் அங்கே மிகச் சிலர். விலை என்ன என்பதில்தான் வழக்கு. விலையை எப்படிக் கட்டுவது? 2013-இன் நிலமெடுப்புச் சட்டம், 26-ஆம் பிரிவில் சொல்கிறது: பத்திரப் பதிவுக்கு அரசு வைத்துள்ள மதிப்பு ஒன்று, அருகிலுள்ள ஊரில் 'ஒத்த வகை நிலம்' விற்ற சராசரி விலை ஒன்று, உடன்பட்டுக் கொண்ட தொகை இருந்தால் அது ஒன்று. இவற்றில் எது அதிகமோ அது. தமிழ்நாட்டில் தொழில் தேவைக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் மாநிலத்தின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். ஆயினும் இழப்பீட்டுக்கு 2013-இன் அளவே பொருந்தும்.

ஒத்த வகை நிலம்! மறுபடியும் அந்தச் சொல். எதில் ஒத்த? அரசுப் பதிவேட்டில் நிலம் நஞ்சை, புஞ்சை என்று பிரிந்து கிடக்கிறது. புஞ்சை என்று பாட்டன் காலத்தில் எழுதப்பட்டது புஞ்சையாகவே இருக்கிறது. பேரன் கடன் வாங்கி ஆழ்குழாய் இறக்கினான், நெல்லும் கரும்பும் விளைவித்தான், இடையில் மல்லாட்டையும் போட்டான். அடங்கலில் பயிர் இருக்கும், வகைப்பாட்டில் வானம் பார்த்த பூமி! பக்கத்தில் முள் முளைத்துக் கிடக்கும் தரிசும் புஞ்சைதான். ஆகவே இரண்டும் 'ஒத்த வகை' என்று எழுதுகோல் ஓடினால், ஒப்பு எதில் இருக்கிறது? உருவில்கூட இல்லை. ஏட்டின் பத்தியில் இருக்கிறது. வினையில் ஒப்பு, அதாவது உழும் உழைப்பில். பயனில் ஒப்பு, அதாவது ஆண்டு விளைச்சலில் - இவை கணக்கில் ஏறவேண்டுமானால் அதிகாரி வரப்பில் இறங்கி நடக்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதில் நம்மவர் பங்கும் இருக்கிறது. நிலம் வாங்குவோர் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, கொடுத்த விலையைப் பத்திரத்தில் குறைத்து எழுதும் வழக்கம் ஊரறிந்தது. அன்று மிச்சமான தீர்வைக்கு, நிலமெடுப்பு வரும் நாளில் அக்கம்பக்கத்துக்காரர் அத்தனைபேரும் வட்டி கட்டுகிறார்கள். 'ஒத்த நிலம் இந்த விலைக்குத்தானே போயிற்று?' என்று பத்திரத்தை நீட்டினால் மறுமொழி என்ன சொல்வது? பொய்யோடு ஒப்பிட்டால் விடையும் பொய்யாகத்தான் வரும்.

இந்த இடத்தில் தொல்காப்பியரின் மற்றொரு விதி நினைவுக்கு வருகிறது. உவமையாக எடுக்கும் பொருள் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்றார் அவர். இழிந்ததையும் ஒரோவிடத்து இடங்கொடுத்து ஏற்றுக்கொண்டார் என்றாலும், தலைமை உயர்ந்ததற்கே. அரசனைப் பாடுகிறவனுக்கு வகுத்த விதி என்று நான் நெடுநாள் அதைக் கடந்துபோனவன்தான். 26-ஆம் பிரிவின் விளக்கத்தைப் படித்தபோது அந்த விதிக்கு வேறோர் ஒளி கிடைத்தது. முந்தைய மூன்றாண்டின் விற்பனைப் பத்திரங்களை எடுக்கவேண்டும். அவற்றில் விலை உயர்ந்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டு சராசரி காணவேண்டும்! குறைந்த பாதியை விலக்கிவிடச் சட்டமே சொல்கிறது. ஏன்? பறிகொடுக்கிறவனை எதனோடு ஒப்பிடுவது என்ற இடத்தில், மேல்நோக்கி ஒப்பிடு என்பது அதன் கருத்து. வலியவன் வழக்கமாகச் செய்வது நேர்மாறு: கூலி கேட்டால், பக்கத்து ஊரில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்களே என்பான்; விலை கேட்டால், அடுத்த கொல்லை இதைவிடக் குறைவாகப் போயிற்றே என்பான். தனக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் வேளையில் மட்டும் அவன் கண் தலைநகரத்தின் பெரிய கம்பெனிகளைப் பார்க்கும். யாரோடு ஒப்பு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எவன் கையில் இருக்கிறதோ, அவன் கையில் தராசு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒப்பு உண்டு, எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 2023 சூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணிக்காக, நெல் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கின. நிலம் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடும் தரப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். ஏட்டின்படி அது நிறுவனத்தின் நிலம். உழுதவன் கண்ணுக்கு அது கதிர் பிடிக்கும் பயிர். அறுவடை முடியும்வரை காத்திருக்கக்கூடாதா என்று உயர்நீதிமன்றம் கேட்டது; பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. விளையும் நெல்லுக்கு மூட்டைக் கணக்கில் அது ஒரு விலை. நட்டு, களையெடுத்து, நீர் கட்டிய கண் எதிரில் பயிர் புரட்டப்படுவதற்கு எது ஒத்த வகை, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குப் பத்திரம் கிடைக்கும்? நிகரில்லாத இடத்தில் நிகர் கட்டுவது நீதிமன்றத்தின் கடமையாக இருக்கலாம். கட்டியதால் நிகராகிவிட்டது என்று எண்ணுவது நம் கடமையன்று.

கம்மாபுரத்துப் பக்கத்தில் படித்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. நூலகம் இருக்கிறது, மன்றம் இருக்கிறது, மாலைநேரம் இருக்கிறது. நிலமெடுப்பு அறிவிப்பு வந்த ஊரில், மூன்றாண்டுப் பத்திர விலைகளையும், எந்தச் சர்வே எண்ணோடு எந்தச் சர்வே எண்ணை ஒத்ததென்று வைத்திருக்கிறார்கள் என்பதையும் தாளில் எழுதி, உழுதவர் நடுவில் உரக்கப் படித்துக் காட்டலாம். அனல்நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளி தினந்தோறும் செய்த வேலையை, எவருக்குப் பக்கத்தில் நின்று செய்தான் என்பதோடு சேர்த்து, தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க உதவலாம். சுமை கேட்பவன் தலையில் என்று தீர்ப்பு சொல்லிவிட்டபின், அந்தக் குறிப்பேடு இரண்டு ரூபாய்த் தாள் அன்று.